வண்ணம் கலையாமல் ஒடுக்கெடுத்தல்

(தில்லித் தமிழ்க் குடும்பங்களின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய நண்பர் சிலப்பதிகாரச் சுவையில் உங்களை ஆழ்த்திவிட்டு அமர்ந்தார். அதன்பின் காரில் விழும் ஒடுக்கைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகள் இரும்புத் தகட்டோடு வாழ்ந்தவனிடம் வேறென்ன எதிர்பார்க்க இயலும்? பொறுத்தருள வேண்டும்.

நம் ஊர்த் தெருக்களில் ஈயம் பூசுவோர் வந்தது பெரியோர்களுக்கு நினைவிருக்கும். குடத்தின் ஒடுக்கை அவர் உள்ளிருந்தே தட்டி எடுத்துவிடுவார். பித்தளைக் குடத்திற்கு வண்ணப்பூச்சு இல்லை, காருக்கு உண்டு. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

தொழிற்சாலையில் வண்டியின் கூடு முழுவதையும் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரத்தின் துணையால் துருத்தடுப்புப் பூச்சைப் படியவைக்கிறார்கள். பிறகு அதனைச் சூளையில் 160 டிகிரி அளவிலோ அதற்கு மேலோ சுடுகிறார்கள். அதன்மேல் இடைப்பூச்சு, நிறப்பூச்சு, பளபளப்புப் பூச்சு. இத்தனையும் சேர்ந்த கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே விஞ்சும். முழு வண்டியை அத்தகைய சூளையில் வைத்தால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் என்னாகும்? ஆகவே பட்டறைக்காரர் 60, 70 டிகிரியில் உலர்த்துவதோடு நின்றுவிட வேண்டும். சுரண்டிய முதற்பூச்சு மீண்டும் வாராது.

இதை அறிந்திருந்தும் நானே ஏமாந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் காய்கறிச் சந்தையில் ஒரு ஸ்கூட்டரின் கைப்பிடி என் வண்டிக் கதவில் இடித்தது. எலுமிச்சம்பழம் பதிந்தாற்போல் ஒரு குழி; பூச்சில் கீறல்கூட இல்லை. நம்மூரார் டிங்கரிங் என்றும் இவ்வூரார் டென்ட்டிங்-பெயின்ட்டிங் என்றும் வழங்கும் பட்டறை ஒன்றில் விட்டேன். பூச்சைச் சுரண்டி, பட்டி வைத்துத் தேய்த்து, கதவு முழுவதற்கும் வண்ணம் அடித்துத் தந்தார்கள். மாலை வெயிலில் அக்கதவு மட்டும் வேறு நிறமாய்த் தெரிந்தது. இரண்டாம் மழைக்காலத்தில் கொப்புளமும் கண்டது. விற்கப் போனபோது, வாங்க வந்தவர் பூச்சின் கனத்தை அளக்கும் கருவியை அங்கே வைத்துப் பார்த்துவிட்டு, "பெரிய விபத்தோ?" என்றார். எலுமிச்சம்பழக் கதையை அவர் நம்பவில்லை, விலையைக் குறைத்துவிட்டார்.

சென்ற கோடையில் எதிர்வீட்டுப் பஞ்சாபி நண்பரின் மகன் அடித்த கிரிக்கெட் பந்து, என் இப்போதைய வண்டியின் பானெட்டில் விழுந்தது. சிறுவன் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. தந்தை பணத்தோடு வாயிலில் வந்து நின்றார். காப்பீட்டில் கேட்கலாம் என்றனர் சிலர். கேட்டால் ‘நோ கிளெய்ம் போனஸ்’ போய்விடுமே! ஓராண்டு ஒன்றும் கோராதவர்க்கு, சொந்தச் சேதத்திற்குரிய கட்டணத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி. ஐந்தாண்டு தொடர்ந்தால் 50. இச்சிறு குழிக்காக அதனை இழப்பதா?

வண்ணம் தொடாமல் ஒடுக்கெடுப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். சிறுவனையும் உடன் அழைத்துச் சென்றேன். அவர் பானெட்டைத் திறந்து, உட்சட்டத்தின் துளை வழியே வளைந்த எஃகுக் கம்பியை நுழைத்தார். வெளியே கோடுகளிட்ட விளக்குப் பலகையை நிறுத்தினார். குழியை அவர் பார்க்கவேயில்லை. பூச்சில் தெரிந்த கோடுகளின் வளைவையே பார்த்தார். ஓங்கி ஒரே அழுத்தாக அழுத்தினால் மேலே புடைப்பு எழும். ஆதலால் கடுகளவு கடுகளவாக அழுத்தினார். குழியின் விளிம்பில் எழுந்திருந்த மேட்டைப் பிளாஸ்டிக் முனையால் மெல்லத் தட்டித் தாழ்த்தினார். ஒன்றரை மணி நேரத்தில் கோடுகள் நேராயின.

"தகடு தானே திரும்பி வருகிறதா, அங்கிள்?" என்றான் சிறுவன். நல்ல வினா! பந்து பட்ட நடுவிடம் மட்டுமே நிலையாக உருமாறியது. சுற்றியுள்ள தகடு வில்லைப்போல் பழைய நிலைக்கு மீளத் துடிக்கிறது; நடுவிடமும் விளிம்பு மேடும் அதனைப் பிடித்து வைத்திருக்கின்றன. பிடியைத் தளர்த்தினால் பெரும்பகுதி தானே மீளும்.

எல்லா ஒடுக்கும் இவ்வாறு தீரா. பூச்சு வெடித்திருந்தால் வண்ணம் அடித்தே ஆக வேண்டும். கத்தி மடிப்புப்போல் ஒடிந்த தகடும், கதவின் ஓர மடிப்பும், முன்பே பட்டி வைத்த இடமும் கடினம். தில்லிக் குளிர்காலக் காலையில் பூச்சு விறைத்திருக்கும். தகட்டை இளஞ்சூடாக்காமல் அழுத்தினால் வெடிக்கலாம். தலைமுடி உலர்த்தும் கருவியும் பனிக்கட்டியும் போதும் என்று நம் இளைஞர்கள் செல்பேசியில் படம் காட்டுகிறார்கள். இரும்புத் தகட்டில் அதனை நம்பிக் காலம் கழிக்க வேண்டா. ஆலங்கட்டி மழையில் அம்மை வடுப்போல் குழி விழுந்த வண்டிக்கோ, பூச்சு உடையாதிருப்பின், இம்முறையே மிகவும் ஏற்றது.

கூலியில் பாதியைத் தந்தை கொடுத்தார். மீதியை நானே ஏற்றேன். சிறுவன் இப்போது வண்டிகள் நிற்கும் பக்கம் மட்டை பிடிப்பதில்லை. என் சாம்பல் நிற வண்டி வெளிவாயிலில்தான் நிற்கிறது. பந்து பட்ட இடம் எதுவென்று என்னாலேயே காட்ட இயலவில்லை. விருந்துண்டு திரும்புகையில் நீங்களும் தேடிப் பாருங்கள்.