விற்கத் தக்கதா அஞ்சல்?

(திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



உடைமை என்பது ஒன்று; உரிமை என்பது மற்றொன்று. வீடு உடைமை, அதனை விற்கலாம். ஊர்ப் பொதுவழியில் நடப்பது உரிமை. அதனை விற்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை. ஒரு நாட்டின் அஞ்சல்துறை இவ்விரண்டனுள் எதனைச் சார்ந்தது? கட்டடமும் வண்டியும் பொறியும் உடைமை என்பதில் ஐயமில்லை. ஆயின், மலைமுகட்டில் வாழும் கிழவிக்கும் தலைநகரில் வாழும் செல்வர்க்கும் ஒரே விலையில் மடலைக் கொண்டு சேர்க்கும் உறுதிமொழி ஒன்று உண்டே, அஃது உடைமையா? உரிமையா? அஞ்சலைத் தனியார்க்கு விற்கலாமா என்னும் வினாவின் உயிர்நிலை இங்கேதான் இருக்கின்றது.

இவ்வினாவிற்கு விடைகூறும் தகுதி பிரித்தானியத்திற்கு மிகுதி. ஒருவிலை அஞ்சலை உலகிற்குக் காட்டியதும் அந்நாடே. அதனை விற்றுப் பார்த்ததும் அந்நாடே.

ஒருவிலை பிறந்த வகை

1840-க்கு முன்னர் அந்நாட்டில் அஞ்சற் கட்டணம் தொலைவையும் தாள்களின் எண்ணிக்கையையும் கொண்டு கணிக்கப்பெற்றது. பெரும்பாலும் மடலைப் பெறுபவரே பணம் செலுத்த வேண்டும். கையில் காசில்லாதார், பெற்ற மகன் எழுதிய மடலாயினும் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அதே வேளையில் நாடாளுமன்ற உறுப்பினரோ தம் கையொப்பத்தையே கட்டணமாகக் கொண்டு விலையின்றி மடல் விடுத்தனர். எளியார்க்குச் சுமை, வலியார்க்கு விலக்கு!

1837-இல் உரோலண்டு கில் என்பார் ஒரு சிறுநூல் வெளியிட்டார். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு மடலைச் சுமந்து செல்லும் செலவு ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்கே என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். செலவெல்லாம் மடலை வாங்குவதிலும் பிரிப்பதிலும் வீடுதேடிக் கொடுப்பதிலும் உள்ளது, தொலைவில் இல்லை. ஆகவே, தொலைவு எதுவாயினும் விலை ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்றார். 1840 சனவரி 10-ஆம் நாள் முதல் நாடு முழுமைக்கும் ஒரு பென்னியே கட்டணமாயிற்று. அதே ஆண்டு மே 6-ஆம் நாள் உலகின் முதல் அஞ்சல்தலை வழக்கிற்கு வந்தது. உறுப்பினரின் விலையில்லா மடலும் ஒழிந்தது. 1839-இல் ஏறத்தாழ 7.6 கோடியாக இருந்த மடல்கள், 1840-இல் ஏறத்தாழ 17 கோடியாகப் பெருகின.

அன்பர்களே! ஒருவிலை என்பது இரக்கத்தால் இடும் பிச்சையன்று. நெருங்கிய தெருவில் ஒரு மணி நேரத்தில் அஞ்சற்காரர் நூறு வீடு ஏறி இறங்கலாம். மலைநாட்டில் ஒரு வீட்டிற்கே ஒரு மணி நேரம் செல்லலாம். முன்னதில் மிஞ்சுவது பின்னதன் குறையை நிரப்புகின்றது. இந்த நிரவலே அஞ்சல். நிரவலை எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் சுமைகூலி வணிகம். இதற்குச் சான்று வேண்டுமா? இசுக்காத்துலாந்தின் மேட்டுநிலத்திலும் தீவுகளிலும் வாழ்வோரிடம், இவ்வுறுதிமொழிக்குக் கட்டுப்படாத தனியார் பொதிவணிகர் பலர் கூடுதல் கட்டணம் வாங்குகின்றனர். அவர்கள் கொடியவர்கள் அல்லர், வணிகர்கள். வணிகம் தன் கணக்கைத்தான் பார்க்கும்.

விற்ற வகை

தாட்சர் அம்மையார் தலைமையமைச்சராக இருந்த காலத்தில் தொலைபேசியும் எரிவளியும் தண்ணீரும் தனியார்க்கு விற்கப்பெற்றன. அவரே அஞ்சலை விற்கவில்லை. 1994-இல் மைக்கேல் எசல்டைன் என்னும் அமைச்சர் முயன்றபோது, ஆளுங்கட்சியின் உறுப்பினர் சிலரே உடன்படாமையால் முயற்சி கைவிடப்பெற்றது.

முன்வாயில் அடைபட்டது, பின்வாயில் திறந்தது. 2006 சனவரி முதல் மடல் வணிகம் முழுவதும் போட்டிக்குத் திறந்துவிடப்பெற்றது. பெருநிறுவனங்கள் மொத்தமாக விடுக்கும் மடல்களைத் திரட்டிப் பிரிக்கும் எளிய வேலையைப் போட்டியாளர் எடுத்துக்கொண்டனர். மழையிலும் பனியிலும் வாயில்தோறும் நடக்கும் அரிய வேலை 'இராயல் மெயில்' எனப்படும் அரச அஞ்சலிடமே எஞ்சியது.

2011-இல் விற்பனைக்குச் சட்டம் வந்தது. 2012-இல் ஓய்வூதிய வைப்பின் பற்றாக்குறையாகிய ஏறத்தாழ 1,000 கோடி பவுண்டுச் சுமையை அரசே தன் தலையில் ஏற்றுக்கொண்டது. 2013 அக்டோபரில் பங்கு ஒன்று 330 பென்சு என விற்கப்பெற்றது. முதல்நாள் மாலையே அதன் விலை 455 பென்சு! 2015-இல் எஞ்சிய பங்குகளும் போயின. எல்லாமாக அரசுக்கு வந்தது ஏறத்தாழ 330 கோடி பவுண்டு. கடன் மக்களுக்கு, காய்த்த மரம் பங்காளர்க்கு!

விற்றபின் விளைந்தவை

2013-இல் முதல்வகுப்பு அஞ்சல்தலை 60 பென்சு. 2025 ஏப்பிரலில் 170 பென்சு. விலை ஏறியதுபோல் வேலை ஏறியதா? 2024-25-இல் முதல்வகுப்பு மடல்களில் நூற்றுக்கு 77 மட்டுமே உரிய நாளில் சேர்ந்தன. சேர வேண்டியவை 93. காலந்தாழ்த்தலுக்காக 'ஆப்காம்' என்னும் கண்காணிப்பு அமைப்பு 2023-இல் 56 இலக்கம் பவுண்டும், 2024-இல் 1.05 கோடி பவுண்டும், 2025-இல் 2.1 கோடி பவுண்டும் தண்டம் விதித்தது. ஆண்டுதோறும் தண்டம் ஏறியது, தவறு நிற்கவில்லை. தண்டத்தொகை செலவேட்டில் ஒரு வரியாகிவிட்டால் அதற்கு எவர் அஞ்சுவர்?

2025 சூலை முதல் இரண்டாம் வகுப்பு மடல்களை ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுத்தாற் போதும் என விதி தளர்த்தப்பெற்றது. அவ்வாண்டிலேயே அரச அஞ்சலின் தாய்நிறுவனத்தைச் செக் நாட்டுச் செல்வர் தானியேல் கிரெத்தின்சுகியின் குழுமம் 360 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அரசரின் முடி இன்னும் வண்டியில் தீட்டப்பட்டிருக்கின்றது, வண்டியோ வேறொருவருடையது.

மறுப்பும் விடையும்

மடல்கள் குறைந்தமை விற்பனையால் அன்று, மின்னஞ்சலால் என்பர். உண்மை. 2004-05-இல் ஏறத்தாழ 2,000 கோடியாக இருந்தவை இருபது ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்காயின. தேன்மார்க்கில் அரசுடைமையான அஞ்சல் நிறுவனமே 2025 இறுதியில் மடல் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

அரசுடைமையில் கொடுமை நிகழாதா என்பர். நிகழ்ந்தது. பிரித்தானியத்தில் இன்றும் அரசிடம் உள்ள அஞ்சலகக் கிளையமைப்பில், பிழையுடைய கணிப்பொறிக் கணக்கை நம்பி, 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட கிளைப்பொறுப்பாளர் கள்வரெனத் தண்டிக்கப்பெற்றனர். குற்றமற்றோர் சிறைபுகுந்தனர். அத்தீர்ப்புகளை நீக்க 2024-இல் தனிச்சட்டமே வேண்டியதாயிற்று. ஆகவே, அரசின் கையில் இருப்பதனாலேயே ஒன்று அறமாகிவிடாது. இதனை மறைப்பவர் பொதுவுடைமைக்கு நண்பர் அல்லர்.

ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. மடல் குறையக் குறைய, ஒவ்வொரு மடலையும் வீடு சேர்க்கும் செலவு கூடுகின்றது. உறுதிமொழியைக் காப்பது கடினமாகின்றது. அக்கடினம் வருங்கால் அரசுடைமையில் அதனைக் குடிமக்கள் முன் வைத்து, காப்பதா கைவிடுவதா என்று வெளிப்படையாக வினவ வேண்டும். தனியார் உடைமையிலோ உறுதிமொழி வெறும் செலவு. அதனைக் குறைக்குந்தோறும் பங்காளர்க்கு ஈட்டம். காக்க வேண்டியவனே கரைப்பதால் ஊதியம் பெறுவானாயின், காவல் எத்தனை நாளைக்கு?

ஒருவிலை அஞ்சல் பிரித்தானியத்தோடு நின்றதன்று. 1854-இல் அக்கொள்கை இந்தியாவிற்கும் வந்தது. தொலைவு எதுவாயினும் அரையணா என்னும் கட்டணம் தமிழகத்துச் சிற்றூர்களையும் எட்டியது. இன்று இந்தியாவில் 1,60,000-க்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் உள்ளன; பத்தில் ஒன்பது சிற்றூர்களில் உள்ளவை. வணிகக் கணக்கு மட்டுமே பார்த்திருந்தால் அவற்றுள் எத்தனை தோன்றியிருக்கும்?

எனவே, அன்பர்களே, விற்கலாமா என்பார்க்கு விடை இதுதான். வண்டியை விற்கலாம், பழைய பொறியை விற்கலாம், பயனற்ற கட்டடத்தையும் விற்கலாம். கடைக்கோடி வீட்டின் கதவுக்கு ஒரு நாடு கொடுத்த சொல்லை விற்றல் ஆகாது. அச்சொல் ஆள்வோரின் உடைமையன்று. அக்கதவுக்குப் பின்னே காத்திருப்போரின் உரிமை.