சாய்வும் தொலைவும்



கோல்ஃப் விளையாட்டைப் புதிதாகக் கற்கப் புகுவோர், எந்த மட்டையை வாங்குவது என்று திகைப்பது இயல்பே. ஓர் ஆட்டத்திற்கு ஒருவர் எடுத்துச் செல்ல விதிகள் இடந்தருவது 14 மட்டைகளுக்கே. அவற்றுள் ‘ஹைப்ரிட்’ என்னும் கலப்பு மட்டையைப் பற்றி மட்டும் இன்று பேச விழைகிறேன்.

நீண்ட இரும்பு மட்டையின் பயனையும், ‘உட்’ எனப்படும் பருத்த தலையுடைய மட்டையின் எளிமையையும் ஒருங்கே பெற்றமையால் அதற்கு அப்பெயர் வந்தது. அதன் தலையில் எடை தாழவும் பின்னாகவும் அமைந்திருக்கும். ஆதலால் பந்து எளிதில் மேலெழும். அகன்ற அடிப்பாகம் புல்லில் சிக்காது வழுக்கிச் செல்லும்.

இனிச் சாய்வுக்கு வருவோம். மட்டையின் முகம் செங்குத்து நிலையிலிருந்து எத்தனை பாகை பின்சாய்ந்துள்ளதோ, அதனையே ‘லாஃப்ட்’ என்பர். ஹைப்ரிட் மட்டைகளுள் 16 முதல் 19 பாகை வரை உள்ளவற்றைக் குறைந்த சாய்வுடையவை எனலாம். சாய்வு குறையக் குறையப் பந்து தொலைவில் சென்று விழும் என்பது பொது விதி. இவ்விதியை நம்பியே புதியவர் பலர் அத்தகைய மட்டையை நாடுகின்றனர். விதி பொய்யன்று, ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வீச்சில் போதிய வேகம் இருத்தல் வேண்டும்.

பந்து வானில் நெடுநேரம் செல்வதற்கு, அது எழும் கோணமும் அதன் பின்சுழற்சியும் துணை செய்கின்றன. சாய்வு குறைந்தால் இவ்விரண்டும் குறையும். விரைந்து வீசுவோர் அக்குறையை வேகத்தால் ஈடு செய்வர். மெல்ல வீசுவோர் அடித்த பந்தோ, உயராமலே விரைவில் தரையைத் தொடும். அவர் கையில் 17 பாகை மட்டையும் 22 பாகை மட்டையும் ஏறத்தாழ ஒரே தொலைவைத் தருதல் கூடும். சிலவேளை பின்னதே மிகுதியாகத் தரும்.

இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. பந்து எழவில்லையே என்று கண்டவர், உடலைப் பின்சாய்த்து, மணிக்கட்டால் அதனைத் தூக்க முயல்வார். மட்டை பந்துக்கு முன்னரே தரையில் இடிக்கும். அல்லது பந்தின் உச்சியைத் தட்டும். செலவிட்ட பணத்தை மீண்டும் ஈட்டிவிடலாம். கையில் படிந்த தீய பழக்கத்தை மாற்றுவது அரிது.

ஆகவே, தொடக்கத்தில் 22 முதல் 26 பாகைக்குட்பட்ட ஹைப்ரிட் ஒன்றே போதுமென்பது என் கருத்து. மட்டையில் பொறித்துள்ள எண்ணை மட்டும் நம்பற்க. ஒரே எண்ணுக்கு உற்பத்தியாளர் பலரும் வெவ்வேறு சாய்வு வைப்பதுண்டு, பாகையைக் கேட்டறிக. உங்களிடமுள்ள இரும்பு மட்டைகளுள் நம்பி அடிக்கக்கூடிய நீண்டதற்கும் இதற்கும் நான்கு பாகையளவு வேறுபாடு இருப்பது நன்று. வாங்குமுன் புல்தரையில் பத்துப் பந்துகள் அடித்துப் பாருங்கள். அவற்றுள் மிகத் தொலைவில் விழுந்த ஒன்றைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. பெரும்பாலானவை எங்கே விழுந்தன என்பதே கணக்கு.

குறைந்த சாய்வு மட்டை எவருக்கும் வேண்டாமென்று நான் கூறவில்லை. 2009-ஆம் ஆண்டு பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் போட்டியின் இறுதிக் குழியில், தென்கொரிய வீரர் ஒய். இ. யாங், 200 கஜத்திற்கு மேற்பட்ட தொலைவிலிருந்து ஹைப்ரிட் மட்டையால் பந்தைக் குழியருகே சேர்த்து, டைகர் உட்ஸை வென்றார். அவர் இவ்விளையாட்டைத் தொடங்கியது 19-ஆம் வயதில். வென்றபோது வயது 37. அந்த வீச்சின் பின்னே நெடுங்காலப் பயிற்சி நின்றது.

உங்கள் வீச்சு வளரட்டும்; சாய்வு பின்னர்க் குறையலாம். கருவியை ஆற்றலுக்கேற்பத் தேர்வதே அறிவுடைமை.