இரங்கலும் ஒரு நோயோ?

(கூனிமேட்டில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நிலத்தை ஐந்தாகப் பகுத்த பழந்தமிழர் ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உரிப்பொருள் வகுத்தனர். கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு அவர்கள் உரிமையாக்கியது இரங்கல். பிரிந்தவனை எண்ணிக் கரையில் நிற்பவளின் துயரை அவர்களும் நோய் என்றே பாடினர். ஆயினும் அந்நோய்க்கு மருந்து யாது? பிரிந்தவன் வரவே மருந்து. அவன் வாராதிருக்க, அவளை மட்டும் உறங்கவைக்கும் மருந்தொன்றை எந்தப் புலவனும் பாடியதாகத் தெரியவில்லை.

இன்றோ நிலைமை வேறு. உறக்கம் வரவில்லையா, ஒரு வில்லை. நெஞ்சு படபடக்கிறதா, இன்னொரு வில்லை. அழுகை ஓயவில்லையா, மூன்றாவது. என்ன நேர்ந்தது என்று கேட்பார் அரியர். எத்தனை வேளை என்று சொல்வார் பலர்.

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலைக் கற்றோர் அறிவர். உள்ளத்து எழுச்சிகளை எட்டாக வகுத்த ஆசிரியர், ஒவ்வொன்றும் எதனால் தோன்றும் என்று நந்நான்கு நிலைக்களன்களும் கூறுகிறார். அழுகைக்கு அவர் கூறுபவை யாவை? பிறரால் எள்ளப்படுதல், உயிரையோ பொருளையோ இழத்தல், முன்னிருந்த நிலை கெட்டுத் தளர்தல், வறுமைப்படுதல் ஆகிய நான்கு. அச்சத்துக்கு அணங்கு, கொடுவிலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. இவ்வெட்டனுள் ஒன்றேனும் மண்டைக்குள் ஏதோ ஒரு நீர் குறைந்தமையால் வந்தது என்று அவர் கூறவில்லை. மூளையின் வேதியியல் அவர்க்குத் தெரியாதே என்பார் உளர். தெரியாதுதான், ஆனால் அழுகிறவனைக் கண்டால் அவனைச் சூழ்ந்திருப்பது என்ன என்று பார்க்கத் தெரிந்திருந்தது. (கந்துவட்டிக்காரனைக் கள்வருள் வைப்பதா, இறையுள் வைப்பதா என்பதில் இளம்பூரணரும் பேராசிரியரும் மாறுபட்டிருக்கக் கூடும்!)

2004 திசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைக் காலையை இங்குள்ள எவரும் மறந்திருக்க முடியாது. ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ எண்ணாயிரம் உயிர்களைக் கொண்டது; நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். இக்கரைக் குப்பங்களிலும் அலை புகுந்தது. அதன்பின் பல திங்கள் வரை குழந்தைகள் இரவில் அலறி எழுந்தனர். வலை வீசியே வளர்ந்த ஆடவர் படகைத் தொட அஞ்சினர். இதுவா நோய்? கடல் வீட்டுக்குள் வந்து பிள்ளையைக் கொண்டுபோன பின்னும் கடலைக் கண்டு அஞ்சாதவனுக்கன்றோ மருத்துவம் வேண்டும்! அஞ்சத்தக்கதை அஞ்சுதல் அறிவுடையார் செயல் என்பதே வள்ளுவர் கருத்து. அந்நாளில் பெங்களூரு நிம்கான்சு மருத்துவ நிறுவனத்தார் ஊர்தோறும் தொண்டர்களைப் பயிற்றினர். அத்தொண்டர்க்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடம், பக்கத்தில் அமர்ந்து காதுகொடுத்துக் கேட்டல். ஒப்பாரி வைக்கும் நம் பாட்டிமார் அதனை எந்தப் பயிற்சியும் இன்றியே செய்தனர்.

இவ்வில்லைகளின் வரலாறு நெடியதன்று. 1952இல் பாரிசு நகர மருத்துவமனையில் குளோர்புரோமசின் பித்துற்றோர்க்குக் கொடுக்கப்பட்டது. அது பலர் வாழ்வை மீட்டது, மறுப்பதற்கில்லை. ஆனால் மருந்து நிறுவனங்களின் கண் விரைவில் பித்துறாதவர் பக்கம் திரும்பியது. 1955இல் மில்டவுன், 1960இல் லிப்ரியம், 1963இல் வேலியம். கவலையுற்ற இல்லத்தரசியரின் கைப்பையெல்லாம் வேலியம் நிறைந்து, 1970களில் அமெரிக்காவில் மருத்துவர் மிகுதியாக எழுதிக் கொடுத்த மருந்துகளுள் அது முன்னின்றது. பின்னரே அது விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும் என்பது வெளிப்பட்டது. 1987இல் அந்நாட்டு அரசு புரோசாக்கு என்னும் மருந்துக்கு ஒப்புதல் வழங்கியது. செரட்டோனின் என்னும் பொருள் மூளையில் குறைவதே துயரத்துக்குக் கரணியம் என்ற கதை உலகெங்கும் பரப்பப்பட்டது. 2022இல் இலண்டன் ஆய்வாளர் பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து நோக்கி, அக்கதைக்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதினர். கதை விற்கப்பட்டுவிட்ட பின் வந்த திருத்தம் அது.

இன்னும் ஒன்று கேளுங்கள். அமெரிக்க உளமருத்துவரின் நோய்க் கையேடு, உற்றாரை இழந்தவர் இரு திங்கள் வரை அழுதால் அதனைப் பொதுவாக நோயெனக் கொள்ளலாகாது என்று 1994இல் விலக்களித்திருந்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்விலக்கை எடுத்துவிட்டனர். உரிய குறிகள் இரு கிழமை நீடித்தால் போதும். பிள்ளையைப் புதைத்த தாயும் நோயாளி ஆகலாம். பதினாறாம் நாள் சடங்குக்கு முன்பே துயரத்தை முடித்துவிட வேண்டுமாம்!

இங்கு ஒரு தடையை எதிர்கொள்ள வேண்டும். மருந்தே வேண்டாவா? அப்படிச் சொல்வது கொடுமை. 2001 ஆகத்து 6ஆம் நாள் ஏர்வாடியில் தீப்பற்றிய கொட்டகையில் கட்டுண்டிருந்த உளநோயர் இருபத்தெண்மர் எரிந்து மாண்டனர். அவர்க்குத் தேவைப்பட்டது மருத்துவம்; கிடைத்தது சங்கிலி. இல்லாத குரல் கேட்போர்க்கும், உண்ணாது உறங்காது உயிரை மாய்க்கத் துணிவோர்க்கும் மருத்துவரே துணை. ஏற்கெனவே வில்லை உண்போர் இவ்வுரையைக் கேட்டு நாளையே நிறுத்திவிடவும் கூடாது. திடீரென விடுவது தீங்கு. மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். ஐயம் மருந்தின்மேல் அன்று. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலே மருந்து நீட்டும் கையின்மேல்.

அக்கை பழைய கைதான். வில்லை வருமுன் அதில் கள்ளச்சாராயம் இருந்தது. 2023 மே திங்களில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த நஞ்சுக்குப் பதினால்வர் பலியாயினர். ஒவ்வொருவரும் எதற்காகக் குடித்தனர் என்று நெஞ்சைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் உழைத்துக் களைத்த உடம்பும் கடன் அடைபடாத வீடும் உள்ள இடத்திற்கே அப்பை தவறாமல் வந்து சேர்கிறது. படித்தவன் வில்லையால் மறக்கிறான். பாடுபடுகிறவன் பையால் மறக்கிறான். வட்டி மட்டும் இருவரையும் மறப்பதில்லை.

உப்பளத்தைப் பாருங்கள். வெண்மை கண்ணைக் கூச, உவர்நீர் காலை அரிக்க, வெயிலில் நின்று வாரிய உப்பு அது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்தி மூழ்கும், வேலை நிற்கும். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுவை அருகே கரைகடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது, மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளக்காடாயின. அத்தகைய இரவில் உறக்கம் வாராத உப்பளத் தொழிலாளிக்கு உறக்க வில்லை கொடுத்தால் உறங்குவான். விடிந்ததும் பாத்தி வற்றியிருக்குமா? வேலையற்ற மழைத்திங்கள்களுக்கென உப்பளத் தொழிலாளர்க்கு ஐயாயிரம் உருபா வழங்கும் திட்டத்தை 2022இல் தமிழக அரசு கொண்டுவந்தது. தொகை சிறிது. எனினும் அவ்வுருபாவை அச்சத்துக்கு மருந்து என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதியிருந்தால் அது பிழையில்லாத மருந்துச் சீட்டு.

ஆகவே இக்கூட்டம் கலையுமுன் ஊரார் ஒன்றை முடிவுசெய்ய வேண்டும். மழைத்திங்கள் தொடங்குமுன் தெருவுக்கு இருவர், ஓர் ஆடவரும் ஒரு பெண்டிரும், பெயர் கொடுங்கள். உறங்காத வீடு எது, அடுப்பெரியாத வீடு எது என்று அவர் அறிந்து வரட்டும். மருத்துவர் தேவைப்பட்டால் அவரே அரசு மருத்துவமனைக்கு உடன் செல்லட்டும். மருத்துவர் சீட்டின்றி உறக்க வில்லை விற்பது சட்டத்துக்குப் புறம்பு என்பதைக் கடைக்காரரிடமும் சொல்லி வரட்டும். பெயர் எழுதும் ஏடு மேடையின் இடப்புறம் இருக்கிறது.