நாட்டுப்புறம் ஒன்றல்ல, பல
(வானகரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"கிராமத்து மக்கள் இப்படித்தான் எண்ணுவார்கள்" என்று பட்டணத்தில் இருப்போர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். எந்தக் கிராமத்து மக்கள் என்று நாம் திருப்பிக் கேட்பதில்லை.

அமெரிக்க நாட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் வடகிழக்கே நியூ இங்கிலாந்துச் சிற்றூர்களில், ஊரார் ஆண்டுதோறும் ஒருங்கு கூடி, ஊரின் வரவு செலவைத் தாமே வாக்களித்து முடிவு செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தெற்கே பருத்தி நாட்டில், 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பின்னும், வாரக் குடிகளாக உழைத்த கறுப்பின மக்கள் பெரும்பாலோர் 1965-ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரையில் வாக்குச் சாவடியை அணுக இயலவில்லை. கோதுமை விளையும் வட டக்கோட்டாவிலோ, தனியார் வங்கிகளையும் தானிய வணிகரையும் எதிர்த்து நின்ற உழவர்கள், 1919-இல் மாநில அரசே ஒரு வங்கியைத் தொடங்கும்படி செய்தனர். மூவரும் நாட்டுப்புறத்தாரே, ஆயினும் அரசு என்றதும் ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழும் எண்ணம் வேறு.

நம் தமிழ்நாட்டிலும் இதுவே நிலை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நிலம் யார் கையில் இருக்கிறது என்னும் இரண்டையும் கேட்டால், ஊரின் போக்கில் பாதி விளங்கிவிடும்.

தஞ்சைக் கழனிக்கு நீர் தொலைவிலிருந்து வருகிறது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின், அங்குள்ள உழவரின் கண் அரசின் மதகு மீதே இருக்கிறது. நிலம் சிலரிடமும் உழைப்பு பலரிடமும் இருந்தமையால், விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் 1940-களிலேயே அங்கு வேரூன்றின. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னரும், கூலித் தகராறு முற்றிய நிலையில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அந்த நாட்டில் அரசியல் என்றால் இன்றும் கூலியும் குத்தகையும் பேச்சில் வருவதற்கு நாம் வியப்படைய வேண்டியதில்லை.

கொங்கு நாட்டு உழவர் தம் பணத்தில் கிணறு வெட்டி, தம் மோட்டாரால் நீர் இறைப்பவர். ஆகவே அவர் குறை மின் கட்டணம்! 1970-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உழவர் உயிரிழந்தனர். 1972-இல் நாராயணசாமி நாயுடு அவர்களின் தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை நகரை நிறைத்தன. உழவர் அனைவருக்கும் கட்டணமில்லா மின்சாரம் 1990-இல் கிடைத்தது. அரசை எதிரே அமர்த்திப் பேரம் பேசும் துணிவு அவர்களுக்கு உண்டு. ஆனால் வயலில் கூலிக்கு நின்றவரின் குரலும் அந்தப் பேரத்தில் கேட்டதா என்றால், விடை தயங்கியே வருகிறது.

மதுரைப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில், தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் பத்தாண்டுகள் பஞ்சாயத்து முறையாக நடைபெறவில்லை. 2006-இல்தான் வழி பிறந்தது. சட்டம் மாநிலமெங்கும் ஒன்றே. அதை ஏற்ற மனம் ஒன்றாக இல்லை.

இனி நம் பக்கம். பழைய செங்கற்பட்டு ஜில்லா ஏரி நாடு. ஏரிக் கரையை ஊரே காக்க வேண்டும். நீர்க்கட்டி பங்கிட்டு விடுவார். ஆகவே கூடிச் செய்யும் பழக்கம் இங்கு வலுத்தது. ஆனால் கூடியவர் யார்? மிராசுதாரர். சேரியில் இருந்தவருக்குக் கரையைக் கட்டும் வேலை உண்டு. நீரில் பங்கு இல்லை. கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-இல் அவர்களின் நிலையை எழுதினார். அதன் பயனாக 1892-இல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அந்தப் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டுக் காரணையில் எழுந்த கிளர்ச்சியில், 1994 அக்டோபரில் இருவர் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியாயினர். ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னரும் அதே நிலம், அதே கேள்வி.

வானகரத்தில் இப்பொழுது கழனி மனையாகிவிட்டது. ஒரு பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலை, ஒரு பக்கம் கூவம். பல மாவட்டங்களிலிருந்து குடிவந்தோர் தத்தம் ஊரின் எண்ணத்தையும் மூட்டையோடு கொண்டுவந்திருக்கின்றனர். தஞ்சையிலிருந்து வந்தவர் அதிகாரியை எதிர்பார்க்கிறார். கோவையிலிருந்து வந்தவர் தாமே ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொள்கிறார். ஏரியும் கால்வாயும் தம்முடையவை என்று இருவருக்கும் இன்னும் தோன்றவில்லை. (பழைய குடிகளுக்கும் அது மறந்துவருகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.) 2015 டிசம்பர் வெள்ளம் சென்னைப் புறநகரின் தாழ்ந்த மனைகளில் புகுந்தபோது, நீர் எந்தக் கால்வாய் வழியாக ஓடியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்?

கிராம சபையில் நிழற்படத்திற்கு நின்றுவிட்டுக் கலைவதால் பயனில்லை. வேலைக்குச் செல்வோர் வரக்கூடிய மாலை வேளையில், காலனியிலும் புது மனைத் தெருவிலும் முன்னரே தண்டோரா போட்டுவிட்டு, ஏரி, கால்வாய், புறம்போக்கு ஆகியவற்றின் சர்வே எண்களை உரக்கப் படியுங்கள். அந்த நிலத்தில் இன்று என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு தெருவாரையும் கேட்டு எழுதுங்கள். முதலில் காலனியாரைப் பேசவிடுங்கள்.