பழவேற்காடு கற்பித்த பாடம்



கடவுள் நம்மை நேசிக்கிறார் என்பதை ஒரு கிறிஸ்தவன் எவ்வாறு நம்புகிறான் என்பதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். நான் சமய போதகன் அல்லன்; குருமடத்தில் பயின்றவனும் அல்லன். ஆசிரியப் பயிற்சி பெற்று, கரும்பலகையின் முன் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நின்று, தலைமையாசிரியனாய் ஓய்வு பெற்றவன். ஆயினும், பணியின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு சிறிய பள்ளியில் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இப்பொருளைப் பற்றி எனக்குத் தெரிந்த சிறிதளவும் அங்கே தெரிந்துகொண்டதே.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரியைக் கடந்தால் பழவேற்காடு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடி மட்டும் நம்முடையது. ஏரியையும் வங்கக் கடலையும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு பிரிக்க, முகத்துவாரம் ஒன்று இரண்டையும் இணைக்கிறது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் பாய்ந்து முகத்துவாரம் அகலும். கோடையில் மணல் சேர்ந்து அது தூர்ந்துபோகும். தூர்ந்தால் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் கடலிலிருந்து ஏரிக்குள் வர வழியில்லை. அப்போது குப்பங்களில் அடுப்பு எரிவதும் அரிதாகிவிடும். நாளைய உணவு ஒரு மணல்திட்டின் கையில் இருக்கும் மக்கள் அவர்கள். நம்பிக்கை என்னும் சொல்லை அவர்கள் நம்மைப்போல் எளிதாக உச்சரிப்பதில்லை.

பதினாறாம் நூற்றாண்டிலேயே போர்த்துகீசியர் அங்கே வந்தனர். அவர்கள் காலத்தில் தோன்றிய மகிமை மாதா கோவில் இன்றும் பெயர் பெற்றது. பிறகு டச்சுக்காரர் வந்து 1613-இல் கோட்டை கட்டினர். அவர்களுடைய கல்லறைகளை நீங்கள் சுற்றுலா சென்றால் காணலாம். வேலைப்பாடு மிக்க கற்கள். ஆனால், கடவுளின் பெயரைச் சொல்லிக்கொண்டே அந்த வணிகர்கள் இத்துறையிலிருந்து நம் மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு அக்கற்களைப் பாருங்கள். பெயரைச் சொல்வது வேறு, நம்புவது வேறு.

இனி, என் கதைக்கு வருகிறேன். அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று இருக்கலாம். ஞானோபதேச வகுப்பில், இயேசுநாதர் கலிலேயக் கடலில் புயலை அடக்கிய வரலாற்றைச் சொன்னேன். பயிற்சிப் பள்ளியில் கற்பித்தபடி, பாடத்தின் கருத்தைக் கரும்பலகையில் ஒரே வாக்கியமாக எழுதினேன். “நம்பிச் செபிப்பவனின் படகு கவிழாது.” பிள்ளைகள் சேர்ந்து மும்முறை வாசித்தனர். எனக்கு மிகுந்த மனநிறைவு.

அவ்வாண்டு ஐப்பசியில், ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குச் சென்றவர் திரும்பவில்லை. இரண்டாம் நாள் படகு மட்டும் கரையொதுங்கிற்று. சில நாள் கழித்துப் பள்ளிக்கு வந்த சிறுவன், என் மேசையருகே நின்று மெல்லச் சொன்னான்: “சார், எங்க அப்பா செபம் பண்ணாமல் ஒரு நாளும் படகு தள்ளினதில்லை.”

அது வினாவும் அன்று, குற்றச்சாட்டும் அன்று. நான் செய்தது என்ன தெரியுமா? “கணக்குப் புத்தகத்தை எடு” என்றேன். என் ஆசிரியப் பணியில் நான் மிகவும் நாணுவது அந்த ஒரு வாக்கியத்திற்காகவே.

அன்றிரவு நற்செய்தியை எடுத்து மீண்டும் வாசித்தேன். புயல் வந்தபோது சீடர்கள் ஆண்டவரோடுதான் இருந்தார்கள். இருந்தும் புயல் வந்தது. அவர்களுள் சிலர் அதே நீரில் வலைவீசி வளர்ந்தவர்கள். ஆகவே அவர்களுடைய அச்சம் அறியாமையால் வந்ததன்று. அன்று தப்பிய பேதுரு பின்னாளில் உரோமையில் கொல்லப்பட்டார் என்பது திருச்சபையின் மரபு. லூக்கா நற்செய்தியில் இன்னொரு செய்தியும் உண்டு. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டார்கள். அவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே மறுக்கிறார். ஏன் விழுந்தது என்பதற்கு மட்டும் அவர் காரணம் கூறவில்லை. ஆக, நான் கரும்பலகையில் எழுதிய வாக்கியம் நற்செய்தியில் எங்குமே இல்லை. நானாக எழுதிச் சேர்த்தது அது.

மறுநாள் மாலை சிறுவனின் வீட்டுக்குச் சென்றேன். ஆறுதல் சொல்லச் சென்ற எனக்கு, அவன் தாய் ஒரு பலகையைப் போட்டு உட்காரச் சொன்னார். நான் கடவுளின் சித்தம் என்று ஏதோ தொடங்கினேன். அவர் இடைமறித்தார். “அதை விடுங்க வாத்தியாரே. எனக்கு ஆண்டவர் மேல கோபம். தினமும் கோவிலுக்குப் போய்ச் சண்டை போட்டுட்டுத்தான் வரேன். சண்டை போடவும் ஒருத்தர் வேணும் இல்ல?”

அந்தச் சொற்களை நான் நெடுங்காலம் எண்ணிப் பார்த்திருக்கிறேன். இல்லாதவனோடு எவரும் சண்டையிடுவதில்லை; தன்மேல் அன்பில்லாதவனோடு உரிமையாகச் சண்டையிடுவதும் இல்லை. திருப்பாடல்களிலும் பல இத்தகைய முறையீடுகளே. சிலுவையில் தொங்கிய இயேசுவும், தம்மைத் தந்தை ஏன் கைவிட்டார் என்று அவற்றுள் ஒன்றின் சொற்களால்தான் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க, மீனவப் பெண் கேட்டால் விசுவாசக் குறைவு என்று நாம் எப்படிச் சொல்வது?

அங்கே ‘பாடு’ என்றொரு வழக்கம் உண்டு. ஏரியில் வலை கட்டும் இடங்களைக் குப்பங்கள் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதற்கு அப்பெயர். வளமான இடம் ஒருவருக்கே சேர்ந்துவிடாதபடி முறை மாறிக்கொண்டே வரும். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் போன்ற ஊர்களில் அம்மனைக் கும்பிடுவோரும் மாதாவைக் கும்பிடுவோரும் ஒரே ஏரியில் இம்முறைக்குக் கட்டுப்பட்டு வந்தனர். பூசல்களும் இல்லாமல் இல்லை. அண்மைக் காலத்தில் அவை மிகுந்திருக்கின்றன. இறந்தவரின் முறை வந்த இரவில், உறவினரும் அயலாரும் அவருக்காக வலை கட்டி, விடியலில் இறாலை அவ்வீட்டு வாசலில் கொட்டியதை நான் கண்டேன். எவரும் ஒன்றும் பேசவில்லை. கோவிலில் தவக்காலத்தில் கிறிஸ்துவின் ‘பாடு’களைத் தியானிக்கிறோம். உழைப்பதைப் ‘பாடு’படுதல் என்கிறோம். ஏரியில் கிடைக்கும் முறையும் ‘பாடு’. நம் மொழி இம்மூன்றுக்கும் ஒரு சொல்லையே வைத்திருப்பதன் பொருத்தம் அந்த வாசலில்தான் எனக்கு விளங்கிற்று. கடவுளின் அன்பு அலையைத் தடுக்கவில்லை. அந்த வாசல்வரை வந்தது.

இதன்பின் இன்னும் பெரிய துன்பங்களை அக்கரை கண்டது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை வந்தது. 2011-இல் கிறிஸ்துமஸ் அன்றே, ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். இரண்டின்போதும், இது கடவுள் தந்த தண்டனை என்று பேசியவர்கள் உண்டு. அவர்கள் சீலோவாம் கோபுரத்தை மறந்தவர்கள். வேறு சிலர் இரண்டாவதையும் ‘ஆண்டவர் சித்தம்’ என்றனர். இதை நான் இன்னும் கடுமையாக மறுக்கிறேன். சிறிய படகில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவது மனிதர் சித்தம். நம் கவனக்குறைவைக் கடவுளின் கணக்கில் எழுதிவிடுவதற்கு விசுவாசம் என்று பெயரில்லை. புயல் எச்சரிக்கையைக் கேட்டுப் படகைக் கரையேற்றி வைப்பவன், கடவுளை நம்பாதவன் ஆகிவிடமாட்டான்.

உங்களுள் பலர் கிறிஸ்தவர் அல்லர் என்பதை அறிவேன். உங்கள் இல்லத்தில் வழிபடும் தெய்வத்தோடு உங்கள் பாட்டியார் உரிமையோடு பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். நான் சொல்வது உங்களுக்கும் விளங்கும்.

சென்ற ஆண்டு பழவேற்காட்டுக்குச் சென்றிருந்தேன். அந்தச் சிறுவனுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல், தலை நரைத்துவிட்டது. படகுத்துறையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். நாற்பது ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதை அப்போதுதான் சொன்னேன்: “தம்பி, அன்று கரும்பலகையில் நான் எழுதியது தவறு.” அவனுக்கு அந்த வாக்கியம் நினைவிருந்தது. தலையசைத்தான், ஒன்றும் சொல்லவில்லை. அவன் தாயைப் பற்றிக் கேட்டேன். இறந்து சில ஆண்டுகள் ஆயின என்றான்.

“கோவிலில் சண்டை?” என்று கேட்டேன்.

“கடைசி ஞாயிறு வரைக்கும் போய்ட்டு வந்தாங்க, சார்,” என்று சிரித்தான். பிறகு, கூடையிலிருந்து கை நிறைய இறாலை அள்ளித் தாளில் பொதிந்து, வேண்டாம் என்று நான் சொல்லியும் கேளாமல், என் பையில் வைத்தான்.