வீக்ஸ்வில்: ஊரார் மீட்டெடுத்த வரலாறு

நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை 1827ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தது. ஆயினும், வெள்ளையருக்கான சொத்துத் தகுதியைக் கைவிட்ட 1821ஆம் ஆண்டின் மாநில அரசமைப்பு, கறுப்பின ஆண் ஒருவர் வாக்களிக்க வேண்டுமெனில் 250 டாலர் மதிப்புள்ள நிலமோ வீடோ அவர் பெயரில் இருந்தாக வேண்டும் என்று விதித்திருந்தது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளியான ஜேம்ஸ் வீக்ஸ் 1838இல் புரூக்ளினில், ஹென்றி தாம்ப்சன் என்னும் மற்றொரு கறுப்பினத்தவரிடமிருந்து மனை வாங்கியதை இந்தப் பின்னணியிலேயே நோக்க வேண்டும். ஏனெனில் அங்கே ஒரு கிரயப் பத்திரம் குடியிருக்க இடத்தையும் வாக்குரிமைக்கு வழியையும் ஒருங்கே தந்தது. அவர் பெயராலேயே வீக்ஸ்வில் என வழங்கிய அவ்வூர், 1850களில் ஐந்நூறு பேருக்கு மேல் வாழ்ந்த குடியிருப்பாக வளர்ந்து, தனக்கெனப் பள்ளியும் தேவாலயங்களும் பின்னர் அனாதை இல்லமும் முதியோர் இல்லமும் செய்தித்தாளும் கொண்டிருந்தது. உள்நாட்டுப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து 1863இல் மன்ஹாட்டனில் வெடித்த கலவரம் கறுப்பினத்தவர்மேல் திரும்பியபோது, உயிர்தப்பி ஓடிவந்தோருக்கு அவ்வூர் அடைக்கலம் தந்தது. நியூயார்க் மாநிலத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணான சூசன் ஸ்மித் மெக்கின்னியும் இவ்வூரில் பிறந்தவரே.

இத்தகைய ஊர் அடுத்த எழுபது ஆண்டுகளுக்குள் பெயரளவிலும் மறைந்தது. தீயோ படையெடுப்போ அதற்குக் காரணமில்லை. நகரம் விரிந்து, நேர்கோட்டுத் தெருக்களைக் கட்டம் கட்டமாக வகுத்துக்கொண்டு வந்தபோது, பழைய மனைகளும் பாதைகளும் அவற்றின் அடியில் போயின.

1968இல் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஹர்லி, விமானி ஜோசப் ஹேன்ஸ் ஆகிய இருவரும் அப்பகுதியின்மேல் சிறு விமானத்தில் பறந்து பார்த்தபோது, தெருக்கட்டத்துக்கு ஒத்துவராமல் கோணலாகக் கிடந்த ஒரு சந்தும் அதன் ஓரத்தில் சில மரவீடுகளும் கண்ணில் பட்டன. அதுவே ஹன்டர்ஃபிளை சாலை என்னும் பழைய பாதையின் எச்சம். அருகே பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டுவந்த மனைகளில் நடந்த அகழ்வில் தொல்லியல் அறிந்தோரோடு அக்கம்பக்கத்துப் பள்ளிச் சிறுவர்களும் குடியிருப்போரும் மண்ணைக் கிளறினர். அங்கிருந்து மீட்கப்பட்டவற்றுள், மெல்லிய இரும்புத் தகட்டில் நேரடியாகப் பதிவாகும் டின்டைப் என்னும் பழைய வகைப் புகைப்படம் ஒன்று கறுப்பினப் பெண்ணொருத்தியைக் காட்டுகிறது. அவள் பெயர் இன்றுவரை தெரியவில்லை. ‘வீக்ஸ்வில் சீமாட்டி’ என்றே ஊரார் அவளை அழைக்கின்றனர். ஆவணத்தில் பெயர் இல்லாதவருக்கு இருப்பவர்கள் பெயர் சூட்டுவது ஆய்வுநெறிக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பெயர் கிடைக்கும்வரை அவளைப் பட்டியலில் வெறும் எண்ணாக வைத்திருப்பதைவிட இது மேல்.

பொதுவாக அருங்காட்சியகத்தார் முதலில் பேணிவைத்து, பிறகே மக்களுக்குக் காட்டுவர். வீக்ஸ்வில்லில் இந்த வரிசை தலைகீழானது. அகழ்விடத்தைச் சுற்றி வேலியிட்டு வல்லுநர் மட்டும் உழைத்திருந்தால், அவ்வீடுகளைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கக் கோரி நகர ஆணையத்தின்முன் பள்ளிக் குழந்தைகள் வந்து பேசியிருக்க மாட்டார்கள். 1970இல் அந்த அறிவிப்பு வந்திருக்குமா என்பதும் ஐயமே. ஓவியரான ஜோன் மேனார்டு 1974 முதல் 1999 வரை வீக்ஸ்வில்லைப் பேணுவதற்கென உருவான அமைப்பின் இயக்குநராக இருந்து, படங்களைக் காட்டிப் பள்ளிதோறும் பேசி நிதி திரட்டியதும் இதே வழியில்தான். வீடுகளின் மறுசீரமைப்பு 2005இலும் புதிய பண்பாட்டு மையத்தின் கட்டடம் 2014இலும் நிறைவுற்றன.

எனினும் ஊரார் அன்பு மட்டுமே ஒரு நிறுவனத்தைத் தாங்காது. 2019இல் பணமின்றி மூடும் நிலைக்கு வந்த மையம் 2 லட்சம் டாலர் வேண்டிப் பொதுமக்களிடம் கையேந்தியது. அதற்கு மேலும் கிடைத்தது. அதன் பின்னரே நியூயார்க் நகரம் தன் நிதியைத் தொடர்ந்து பெறும் பண்பாட்டு நிறுவனங்களின் தொகுதியில் அதைச் சேர்த்துக்கொண்டது. ஊரார் மண்ணைக் கிளறத் தொடங்கி அரை நூற்றாண்டு கழித்தே அந்த இடம் கிடைத்தது; அது மிகத் தாமதம்.