கூத்து நம்முடையது, நிபந்தனையும் நம்முடையதாக இருக்கட்டும்

(சங்கத்தின் கலாசாரக் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுவோம். இன்று கூத்தையும் தப்பையும் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். "வயிற்றுப்பாடே பெரும்பாடாக இருக்கும்போது இதற்கென்ன அவசரம்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலையும் நேராகவே சொல்கிறோம். கலையையும் மரபுரிமையையும் காக்க உதவும் மன்றங்கள், நிதியங்கள் என்று இலாபநோக்கமில்லாத அமைப்புகள் இருக்கின்றன. அப்படி ஒன்று நமது தோட்டத்துக்கு வந்தால் அவர்களிடம் எதைக் கேட்பது, எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் விடுவது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சம்பளப் பேச்சுக்குக் கோரிக்கை இல்லாமல் போவோமா? இதற்கும் அப்படிப் போகக்கூடாது.

பாட்டும் தொழிற்சங்கமும் மலையகத்தில் ஒன்றாகவே வளர்ந்தவை. கோ. நடேசையர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தபோது, அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். பேச்சு எட்டாத லயத்துக்கும் அந்தப் பாட்டு எட்டியது. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கவாதி, கவிஞர். நம் பாட்டிமார் வாயிலிருந்த நாட்டார் பாடல்களைக் கேட்டுக் கேட்டுத் திரட்டி வைத்தவரும் அவரே. அவர் திரட்டாமல் விட்டிருந்தால் அவற்றில் எத்தனையோ பாட்டுகள் பாடியவர்களோடேயே மண்ணுக்குள் போயிருக்கும்.

போனவையும் உண்டு. 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று இரண்டு அரசாங்கங்களும் எண்ணிக்கை பேசின. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைகளை எண்ணினார்கள். கூத்துக் குழுக்களையும், பாட்டு வாத்தியார்மாரையும், தப்படிக்கிறவர்களையும் யாரும் எண்ணவில்லை. ஒரு குழுவில் பாதிப்பேர் கப்பலேறினால் மீதிப்பேர் எதை ஆடுவது?

இதில் ஓர் அமைப்பு என்ன செய்ய முடியும் என்பதற்கு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கம்பளைப் பக்கத்தில் பழைய பீக்கொக் தோட்டம், பரடைஸ் பிரிவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் உள்ளது. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் அதைத் திறந்தது. புதிதாக மாளிகை கட்டவில்லை. பழைய லயம் ஒன்றைத் திருத்தி, அதிலேயே வைத்தார்கள். நம் முன்னோரின் வேலைக் கருவிகள், சமைத்த பாத்திரங்கள், வாத்தியங்கள், பழைய ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. நம் வீட்டில் மூலையில் கிடக்கும் சாமானுக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று பிள்ளைகள் அங்கே போனால் கண்டுகொள்வார்கள். தேயிலையின் சரித்திரம் என்றால் தொரைமாரின் சரித்திரம் என்றே படித்து வந்த நாட்டில் இது சிறிய காரியமல்ல.

ஆனால் கவ்வாத்துக் கத்தியை அலுமாரியில் வைத்துக் காக்கலாம், காமன் கூத்தை அப்படி வைக்க முடியாது. மாசியில் பிறை கண்டு காமன் ஊன்ற ஒரு திடல் வேண்டும். ரதி, மதன் வேஷம் கட்ட விரதமிருக்கும் பிள்ளைகள் வேண்டும். தூதனுக்கும் வீரபத்திரனுக்கும் ஆடத் தெரிந்தவர்கள் வேண்டும். பாட்டும் அடவும் சொல்லிக்கொடுக்க வாத்தியார் வேண்டும். தப்புக்குத் தோல், வேஷத்துக்கு உடுப்பு, விளக்கு, சாப்பாடு எல்லாம் வேண்டும். இத்தனைக்கும் இன்றுவரை செலவழித்தவர்கள் யார்? லயத்துக்கு லயம் காசு தண்டிக் கொடுத்த நாம்தான். இரவு முழுக்க ஆடியவன் விடிந்ததும் பிரட்டுக்குப் போகிறான். போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. இளையவர்கள் கொழும்புக்குப் போய்விட்டால் அந்த வருஷம் மதனுக்கு ஆளில்லை. கூத்து அழிகிறது என்று கவலைப்படுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஆகையால் எந்த அமைப்பு வந்தாலும் நாம் வைக்க வேண்டிய நிபந்தனைகளை ஒன்றொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, ஆட்டமும் உழைப்பே. மேடையேறும் ஒரு நாளுக்கு மட்டுமன்றி, ஒத்திகைக்கு விட்ட ஒவ்வொரு பேருக்கும் கூலி கணக்கிடப்பட வேண்டும். பொன்னாடையும் சான்றிதழும் மரியாதைக்கு நல்லது, அதைக் கொண்டு அரிசி வாங்க முடியாது.

இரண்டாவது, ஒளிப்பதிவு செய்தால் ஒரு பிரதி தோட்டத்தில் இருக்க வேண்டும். ஆடியவர், பாடியவர் பெயர்கள் அதில் இருக்க வேண்டும். எங்கே காட்டப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லி, நமது சம்மதம் கேட்க வேண்டும்.

மூன்றாவது, பழைய பொருளோ பத்திரமோ கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். இரவலா, அன்பளிப்பா என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பாட்டனின் துண்டும் பாட்டியின் பிறப்புப் பதிவும் குடும்பத்தின் சொத்து. பிரஜாவுரிமைக்காக ஒரு கடதாசியைத் தேடி அலைந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

நான்காவது, தப்படிக்கிறவரின் மானம். தப்பு நம் பண்பாட்டின் அடையாளம் என்று மேடையில் பேசிவிட்டு, அடிக்கிறவரைச் சாதி சொல்லி வாசலில் நிறுத்தும் பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. சாவு வீட்டுக்கு அடித்தே ஆகவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. விரும்பிக் கற்கும் பிள்ளை ஆணானாலும் பெண்ணானாலும், எந்த வீட்டுப் பிள்ளையானாலும் கற்கட்டும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு வைக்கும் நிபந்தனை அல்ல இது, நமக்கு நாமே வைத்துக்கொள்வது.

ஐந்தாவது, கணக்கு. நமது கலையின் பெயரால் வந்த பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று தோட்டத்துக் கூட்டத்தில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும்.

இதெல்லாம் அதிகப்படியான கோரிக்கைகளா? இல்லை. மரபுரிமையைக் காப்பதற்காக யுனெஸ்கோ 2003இல் ஒரு சமவாயம் செய்தது. இலங்கை 2008இல் அதில் இணைந்தது. ஒரு கலையைத் தமது மரபு என்று கொண்டாடும் மக்களே அதைக் காக்கும் வேலையிலும் பங்குகொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. தென்பகுதிக் கரையோரக் குடும்பங்கள் ஆட்டிவைக்கும் நூல்பொம்மை நாடகம் 2018இல் அதன் பட்டியலில் சேர்ந்தது. அவர்களுக்குக் கிடைத்த கௌரவத்தில் நமக்கும் மகிழ்ச்சி. மலையகத்தின் காமன் கூத்தும், அர்ச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும் இந்த நாட்டின் கலைகள்தான் என்பதை நாமும் உரத்துச் சொல்ல வேண்டும்.

2023இல் நம் மக்கள் இந்த நாட்டுக்கு வந்த 200 ஆண்டை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள். முன்னோர் நடந்த வழி அது. அவர்கள் அந்த வழியில் கொண்டு வந்த சொத்து தலைச்சுமையளவுதான். பாட்டையும் கூத்தையும் நெஞ்சில் சுமந்து வந்தார்கள். அதற்கு எந்தக் கங்காணியும் கடன் எழுத முடியவில்லை.

யாராவது வந்து உதவும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். காசில்லாமல் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. ஒவ்வொரு டிவிசனிலும் பாடத் தெரிந்த, ஆடத் தெரிந்த பெரியவர்களின் பெயர்களை மாதர் சங்கம் ஒரு கொப்பியில் எழுதட்டும். கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைகள் தாலாட்டையும் ஒப்பாரியையும் பெரியவர்களின் சம்மதத்தோடு பதிவு செய்யட்டும். பழைய படத்தின் பின்பக்கம் யார், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று பென்சிலால் எழுதுங்கள். பத்திரங்களை ஈரம் படாத பெட்டியில் வையுங்கள், நம் ஊர்க் குளிருக்குப் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். கூத்துத் திடலுக்கும் ஒரு துண்டு நிலம் வேண்டும் என்பதை நமது காணிக் கோரிக்கையோடு சேர்ப்போம்.

அடுத்த மாசிக்குள் எல்லாத் தோட்டக் கமிட்டிகளும் இந்தப் பெயர்ப் பட்டியலைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான், உதவ வருகிறவர்கள் முன்னால் நாம் வெறுங்கையோடு நிற்காமல் சமமாக உட்கார்ந்து பேச முடியும்.